சி.டி. எண்ணைத் தமிழில் எப்படிச் சொல்ல?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். மாட்டின் தோல் கழலை நோய்க்கான பி.சி.ஆர். (வைரஸின் டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) முடிவுத் தாளில் "சி.டி. 18", "சி.டி. 34" என்று வருகிறது. எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண் அது (cycle threshold). மாட்டுக்காரர் 34ஐப் பார்த்ததும் நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிறார். உண்மை நேர் தலைகீழ். சுற்றுக்குச் சுற்று டி.என்.ஏ. ஏறக்குறைய இரட்டிக்கும்; 10 சுற்றுக்குச் சுமார் 1,000 மடங்கு. எனவே 18க்கும் 34க்கும் இடையில் உள்ளது சுமார் 65,000 மடங்கு வித்தியாசம், அதுவும் 18இன் பக்கம்தான் அதிகம்.

ஆகவே "அளவு", "மதிப்பு" என்று முடியும் சொல்லே வேண்டாம். "வரம்பெட்டும் சுற்று" என்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வயல் வரப்பும் வரம்புதான். நீர் நிறைய இருந்தால் வரம்பைச் சீக்கிரம் எட்டும். குறைந்த எண்ணின் பொருள் தானாகப் புரியும்.

பொள்ளாச்சியிலிருந்து:

டாக்டர், "சுற்று" பொருத்தம். "சுழற்சி" என்றால் மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜில் போடுவதோடு குழம்பும். இங்கே எதுவும் சுழல்வதில்லை: 95 டிகிரியில் 15 நொடி, இழைகள் பிரியும், 60 டிகிரியில் ஒரு நிமிடம், ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டி நகலெடுப்பு நடக்கும். இது 40 அல்லது 45 தடவை.

"வரம்பு"தான் இடிக்கிறது. வரப்பு நிலத்தில் நிற்பது. நகல் பெருகப் பெருகக் குழாயில் ஒளி கூடும்; இதுவோ அந்த ஒளியின் வளைவு பின்னணி ஒளிக்கு மேலே ஏறும் இடத்தில் மென்பொருளோ நாமோ போடும் கோடு. கோட்டை நகர்த்தினால் எண்ணும் நகரும். கிட் மாறினாலும் மாறும். தமிழ்நாடு-கேரள எல்லையில் மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் வந்த 27ஐயும் இந்தப் பக்கம் வந்த 30ஐயும் அருகருகே வைத்துப் பேசக்கூடாது. "கோடு தாண்டிய சுற்று" என்போமே.

இதில் இன்னொரு வசதி. வைரஸ் சிக்காத மாதிரிக்குச் சிலர் 0 என்று பதிகிறார்கள். இந்தக் கணக்கில் 0 என்றால் கொள்ளாத அளவு வைரஸ் என்றாகிவிடும்! "கோடு தாண்டவில்லை" என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கோடு சரி, சார். சுருக்கமாகத் "தாண்டுசுற்று" என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தாமதமெல்லாம் வைரஸ் குறைவால் வருவதில்லை என்பதையும் தாளில் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. போட்ட குழாய்க்குப் பதில் ஹெப்பாரின் போட்ட குழாயில் பிடித்தால், நகலெடுக்கும் நொதி மந்தமாகும். ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீம் என்ற நிறப்பொருளும் அப்படியே. கோமாரி வைரஸ் ஆர்.என்.ஏ. என்பதால் முதலில் அதை டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டும். அந்தப் படி சொதப்பினாலும் எண் ஏறும். உள்கட்டுப்பாடும் (சோதனை ஒழுங்காக ஓடியதா என்று பார்க்க மாதிரியோடு சேர்த்து ஓட்டுவது) தள்ளிப் போயிருந்தால், மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைப் பத்துக்கு ஒன்றாக நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். சுத்தமான சாறு சுமார் 3.3 சுற்று பின்தங்கும். பின்தங்காமல் முன்னால் வந்தால் நொதியை ஏதோ பிடித்து வைத்திருந்தது என்று பொருள்.

தாளில் இப்படி: "தாண்டுசுற்று 36. உள்கட்டுப்பாடு சரி. வைரஸ் டி.என்.ஏ. மிகக் குறைவு; கழலையின் பொருக்கை எடுத்து மறுபடி அனுப்பவும்." ரத்தத்தைவிடப் பொருக்கில்தான் இந்த வைரஸ் நன்றாகச் சிக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து:

தாண்டுசுற்றுக்குச் சம்மதம். நொதியைப் பிடித்து வைக்கும் பொருளுக்குத் "தடுப்பான்" மட்டும் வேண்டாம்; தடுப்பூசி போட்டதால் வந்த வினை என்று படித்துவிடுவார்கள். "முடக்கி"?