கலைச்சொல் விவாதம்: "ஹை கரண்ட் ஆம்ப்" தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேக்னபேன் போன்ற பிளேனார் மேக்னடிக் ஸ்பீக்கர்களுக்கு எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பொருந்தும் என்று ஒரு வழிகாட்டி எழுதி வருகிறேன். இரண்டு சொற்கள் வேண்டும்.

ஒன்று, ஸ்பீக்கரின் பெயர். மினசோட்டாவில் ஜிம் வைனி 1969-இல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனம்தான் இந்த வகையை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. மெல்லிய மைலார் (பிளாஸ்டிக்) படலத்தின்மேல் கம்பியையோ அலுமினியக் கீற்றையோ ஒட்டி, வரிசையாகப் பதித்த காந்தப் பட்டைகளுக்கு எதிரே இழுத்துக் கட்டியிருப்பார்கள். மின்னோட்டம் பாய்ந்தால் படலமே அதிர்ந்து ஒலிக்கும். கூம்பும் கிடையாது, பெட்டியும் கிடையாது. "தட்டைக் காந்த ஒலிபெருக்கி" என்றால் காந்தம் தட்டை என்று ஆகிவிடும். தட்டையாக இருப்பது படலம்.

இரண்டாவது சொல்தான் வாங்குபவரின் பணத்தைக் காப்பாற்றப் போவது: "ஹை கரண்ட்". "உயர் மின்னோட்டப் பெருக்கி" என்று எழுதினால், ஃபியூஸ் போகவைக்கும் மிகை மின்னோட்டத்தோடு குழப்பிக்கொள்வார்கள். கடையில் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அது 8 ஓமில் அளந்த வாட். இந்த ஸ்பீக்கரோ 4 ஓம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மேக்னபேனின் எல்ஆர்எஸ் என்ற மாடலின் உணர்திறன், ஒரு மீட்டர் தூரத்தில், 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல். 4 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். ஆகவே 1 வாட்டுக்கு 83 டெசிபல்தான். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 கூடும் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தில் 103 டெசிபல் வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு 200 வாட் தேவை. அதாவது 28.3 வோல்ட், 7.1 ஆம்பியர். அலையின் முகட்டில் 10 ஆம்பியர். 8 ஓமில் இதே வோல்ட்டேஜ் வெறும் 100 வாட். "100 வாட் ஆம்ப்" என்று எழுதியிருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று இந்த ஆம்பியரைக் கொடுக்கும், இன்னொன்று பாதியில் பாதுகாப்புச் சுற்று விழுந்து அணைந்துபோகும். அந்த வேறுபாட்டுக்கு ஒரு சொல் தாருங்கள்.

---

> இரண்டு சொற்கள் வேண்டும்.

மூன்று வேண்டும், ஐயா. ஸ்பீக்கரும் ஒலிபெருக்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்பும் பெருக்கி என்றால், "ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெருக்கி" என்ற தலைப்பிலேயே வாசகர் தடுக்கி விழுவார். இலங்கைப் பாடநூல்களில் ஆம்ப்பை விரியலாக்கி என்றே படித்தோம். அதில் இந்த முட்டல் இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அது புதிது என்பது தெரியும். பெருக்கி என்றே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் விரியலாக்கியையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்பீக்கரை மட்டும் ஒலிப்பான் ஆக்கிவிடுங்கள். ஒலிபெருக்கி என்ற சொல் கோயில் திருவிழாவுக்கு இருக்கட்டும்.

ஸ்பீக்கர் வகைக்கு "காந்தச் சவ்வு" என்று சிலர் சொல்லக்கூடும். சவ்வு காந்தமல்ல. காந்தப்புலத்தில் நிற்கும் சவ்வு. ஆகவே காந்தப்புலச் சவ்வு ஒலிப்பான். எலக்ட்ரோஸ்டாட்டிக் வகை நிலைமின் சவ்வு ஒலிப்பான். இரண்டுக்கும் "சவ்வு" பொது, முன்னொட்டு மட்டும் வேறு. ஆம்ப் தேர்வுக்கு இந்த முன்னொட்டு முக்கியம். காந்தப்புலச் சவ்வு கிட்டத்தட்ட வெறும் மின்தடை மாதிரி நடக்கும், தாழ்சுருதி முதல் உச்சசுருதி வரை 4 ஓமை ஒட்டியே இருக்கும். நிலைமின் சவ்வு ஒரு மின்தேக்கி. 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போகப்போக அதன் மின்னெதிர்ப்பு (இம்பீடன்ஸ்) ஓரிரு ஓமுக்கு இறங்கிவிடும். முன்னதில் ஒழுங்காக ஓடும் ஆம்ப் பின்னதில் அலைவுக்குள் (தானாகவே அலையத் தொடங்கும் கோளாறுக்குள்) போகலாம். கடையில் இரண்டையும் "பேனல் ஸ்பீக்கர்" என்று ஒரே பெயரில் விற்பதால்தான் தவறான ஆம்ப் வீட்டுக்கு வருகிறது.

இரண்டாவது சொல்லுக்கு என் முன்மொழிவு: இரட்டிப்புத்திறன். 8 ஓமில் உள்ள வாட் 4 ஓமில் எத்தனை மடங்காகிறது என்ற எண். முழுமையான ஆம்ப்புக்கு அது 2.

---

இரட்டிப்புத்திறன் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை நான் ஏற்க மாட்டேன். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் விருப்பம்போல் வரவழைக்கலாம். 8 ஓம் அளவைக் குறைத்து அச்சிட்டால் போதும், மடங்கு 2 ஆகிவிடும். மறுபக்கம், பிரைஸ்டன் 4பி3 என்ற ஆம்ப் 8 ஓமில் 300 வாட், 4 ஓமில் 500. மடங்கு 1.67 மட்டுமே. இந்தச் சொல்லை வைத்துத் தேடுபவர் நல்ல ஆம்ப்பை ஒதுக்கிவிடுவார்.

ஒலிப்பானுக்குப் போய்ச் சேர்வது மடங்கு அல்ல, ஆம்பியர். 500 வாட்டை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 11.2 ஆம்பியர். நாட் சி298 என்ற ஆம்ப் 8 ஓமில் 185, 4 ஓமில் 340 வாட். 9.2 ஆம்பியர். மேலே கேட்ட 7.1-ஐ இரண்டுமே தாண்டுகின்றன. 8 ஓமில் 100 வாட் போட்டு 4 ஓமில் 110-இல் நின்றுவிடும் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்பும் சேர்ந்த பெட்டி) 5.2 ஆம்பியர்தான் தரும்.

எனவே சொல்: ஓட்டவளம். அலகு ஆம்பியர். நீர்வளம், மண்வளம்போல, கேட்கும்போது எடுக்க இருக்கிறது என்ற பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது. "இந்த ஆம்ப்பின் ஓட்டவளம் எவ்வளவு?" என்று கடையில் கேட்டால் பதில் ஓர் எண்ணாகத்தான் இருக்க முடியும்.

வரையறையில் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம். இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். 4 ஓமில், அலை வெட்டுப்படாமல் தொடர்ந்து தர வேண்டும். விளம்பரத் தாளில் "6 ஓம், ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு" என்றிருந்தால் அது ஓட்டவளம் அல்ல. ரிசீவரின் பின்புறம் உள்ள "4 ஓம்" சுவிட்சும் இதைக் கூட்டாது. பெரும்பாலான ரிசீவர்களில் அது மின்வழங்கியின் வோல்ட்டேஜைக் குறைத்து, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. திறனும் சேர்ந்து குறையும். அந்தச் சுவிட்சை 8-லேயே விடுங்கள்.

---

ஓட்டவளத்துக்கு என் ஆதரவு. சூட்டையும் வரையறையின் விளக்கத்தில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தொடர்ந்து தருவது என்றால் வெப்பத்தைத் தாங்குவது. ±45 வோல்ட் மின்வழங்கியில் ஓடும் ஏபி வகுப்பு ஆம்ப், சைன் அலைக்கு, 8 ஓமில் ஒரு சேனலுக்கு அதிகபட்சம் 51 வாட்டை வெப்பமாக்கும். 4 ஓமில் 103 வாட். அதுவும் முழுச் சத்தத்தில் அல்ல, ஒலிப்பானுக்கு ஏறக்குறைய 100 வாட் போகும்போது. வெப்பத்தகடு 8 ஓமுக்கு அளந்து பொருத்தியதானால் அரை மணியில் கைவைக்க முடியாது. வெயில் காலத்தில், மூடிய அலமாரிக்குள், சொல்லவே வேண்டாம்.

டி வகுப்பு ஆம்ப்பில் சூடு பிரச்சினையில்லை, மின்வழங்கிதான் பிரச்சினை. டிபிஏ3255 சிப் போட்ட மலிவு ஆம்ப்புகளில் சிப் 4 ஓமில் சேனலுக்கு 260 வாட் தரக்கூடியது. கூட வரும் அடாப்டர் 48 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 240 வாட், இரண்டு சேனலுக்கும் சேர்த்து. இழப்பு போக ஒரு பக்கத்துக்கு 110-ஐத் தாண்டாது. 48 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர் மாற்றினால் அதே பெட்டியின் ஓட்டவளம் 7 ஆம்பியரைத் தாண்டிவிடும்.

தணிப்புக் காரணிக்காக (ஒலிப்பானின் மின்னெதிர்ப்பை ஆம்ப்பின் வெளியீட்டு மின்னெதிர்ப்பால் வகுத்த எண்) கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். மின்னெதிர்ப்பு ஏறி இறங்காத ஒலிப்பானுக்கு 50 போதும். 1.5 சதுர மி.மீ. வயரை ஐந்து மீட்டர் இழுத்தாலே, போக வர 0.115 ஓம் சேர்ந்து, எந்த ஆம்ப்பிலும் காரணி 35-ஐத் தாண்டாது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் 58.

---

> அலகு ஆம்பியர்.

அப்படியானால் வீட்டிலேயே அளக்கும் முறையையும் அகராதிப் பதிவோடு சேர்த்துவிடலாம். அலுமினிய உறையுள்ள 4 ஓம், 200 வாட் கம்பிச்சுற்று மின்தடை இரண்டை வெப்பத்தகட்டில் திருகி, ஒலிப்பானுக்குப் பதிலாக இணையுங்கள். இரண்டு சேனலுக்கும் 200 ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுங்கள். மலிவு மல்டிமீட்டரின் ஏசி அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஆசிலோஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலையின் முகடு தட்டையாகத் தொடங்கும் வரை ஏற்றி, ஒரு இழை இறக்கி, வோல்ட்டேஜைக் குறியுங்கள். நான்கால் வகுத்தால் ஓட்டவளம். 26 வோல்ட் வந்தால் 6.5 ஆம்பியர். பத்து விநாடிக்கு மேல் ஏற்றி வைக்க வேண்டாம், மின்தடை ஆறிய பிறகே அடுத்த அளவு.

டிபிஏ3255 போன்ற ஆம்ப்புகளில் ஒரு எச்சரிக்கை. அவற்றின் கறுப்பு முனையும் கிரவுண்ட் அல்ல, இரண்டு முனைகளிலும் வெளியீடு உண்டு. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பைக் கறுப்பில் மாட்டினால் ஆம்ப் போய்விடும். இரண்டு புரோப் எடுத்து, கிளிப்புகளை ஆம்ப்பின் கிரவுண்டில் மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள்.

ஸ்டீரியோ ஆம்ப் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் பிரிட்ஜ் செய்து (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஒலிப்பானை ஓட்டவைத்து) மாட்டும் யோசனையையும் வழிகாட்டியில் மறுத்து எழுத வேண்டும். பிரிட்ஜ் செய்த ஆம்ப்பின் ஒவ்வொரு பாதிக்கும் 4 ஓம் ஒலிப்பான் 2 ஓமாகத் தெரியும். வோல்ட்டேஜ் இரட்டிக்கும், ஆனால் 4 ஓமிலேயே ஆம்பியர் தீர்ந்துபோகும் ஆம்ப்பில் ஓட்டவளம் ஒரு ஆம்பியர்கூட ஏறாது.