பெங்களூருவில் வேங்கை மரம் எங்கே இருக்கு?

பொண்ணுக்குக் குறுந்தொகை 47 சொல்லிக்கொடுத்தேன். பாறைமேல வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்க, நிலா வெளிச்சத்தில அது புலிக்குட்டி மாதிரி தெரியுதாம். ராத்திரி ஒளிஞ்சு வர்றவனுக்கு நீ நல்லவ இல்லைன்னு நிலாவுக்குத்தான் திட்டு! அந்த மரத்தைப் பார்த்தே ஆகணும்னு ஒரே பிடிவாதம்.

லால்பாக் போனோம். பாறை இருக்கு, புலிக்குட்டியைத்தான் காணோம். வேங்கைக்குக் கன்னடத்தில 'ஹொன்னே'. என் உச்சரிப்பு லட்சணம், வாக்கிங் வந்த பெரியவர் காதுல 'ஹொங்கே'ன்னு விழுந்து, நேரா புங்க மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். கீழே பொரி கொட்டின மாதிரி வெளிர் ஊதாப் பூ. வேங்கைன்னா மஞ்சள் பூ. காய் தட்டையா, வட்டமா, சுத்தி இறக்கை வச்சிருக்கும்.

ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கம் யாராவது பார்த்திருக்கீங்களா? இங்க எந்த மாசம் பூக்கும்? லால்பாக்லயே இருந்தா எந்த கேட் பக்கம்னு சொல்லுங்க. படம் போட்டா இன்னும் நல்லது, மறுபடி புங்கைகிட்ட போய் நிக்க வேண்டாம்.