மறைதீயா, கரவுத்தீயா, பதுங்கு நெருப்பா?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். விமானக் கேபின் பணியாளர் பயிற்சிக்குத் தமிழில் ஒரு துணைக் கையேடு தயாராகிறது. தேர்வும் வேலையும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனாலும் தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் எதை ஏன் செய்கிறோம் என்று புரிந்து படிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

'பறக்கும்போது தீ' என்ற அத்தியாயத்தில் இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று 'ஹிட்டன் ஃபயர்'. சுவர்ப் பலகைக்குப் பின்னாலோ கூரைக்கு மேலேயோ எரிவது. சுடர் கண்ணில் படாது, புகையோ நாற்றமோ சூடோதான் காட்டிக்கொடுக்கும். மற்றொன்று 'சஸ்பெக்டெட் ஃபயர்', அதாவது எங்கோ தீ இருக்கிறது என்று பணியாளர் நினைக்கும் நிலை. இப்போதைக்கு 'மறைதீ', 'ஐயத்தீ' என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், தமிழாசிரியர் (ஓய்வு):

'மறைதீ' வினைத்தொகை; சுடுசோறு, ஊறுகாய் போல. ஒற்று மிகாது. கைப்பழக்கத்தில் யாராவது 'மறைத்தீ' என்று அச்சடித்துவிட்டால் வேதத் தீ, வேள்வித் தீ என்று பொருள் மாறிவிடும். 'ஒளிதீ' என்று ஒருவர் சொல்வதற்கு முன்பே தடுத்துவிடுகிறேன்: ஒளிந்திருக்கும் தீயும் ஒளிரும் தீயும் அங்கே ஒன்றாகிவிடும்.

என் முன்மொழிவு 'கரவுத்தீ'. கரத்தல் என்றால் மறைத்தல். 'கரவாது உவந்தீயும்' என்று 1061ஆம் குறளில் படித்திருக்கிறோம். சித்திரகவியில் கரந்துறை பாட்டு உண்டே, ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் குடியிருப்பது; பலகைக்குள் குடியிருக்கும் தீக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. கரப்பான்பூச்சி என்ற பெயரும் இடுக்கில் கரந்து வாழ்வதால்தான் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. கரப்பான் என்னும் தோல்நோயையும் அதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தோலுக்கடியில் கரந்திருந்து வெளிப்படுவதால். இதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

'ஐயத்தீ' பிழை. மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று கொள்வதை அளவை நூலார் கருதல் அளவை என்பார்கள். ஐயம் வேறு, தூணோ ஆளோ என்று மயங்கி நிற்பது அது. புகையைக் கண்ட பிறகு ஐயத்துக்கு இடம் ஏது?

கோயம்புத்தூர், பொறியாளர்:

ஐயா, கரப்பானைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. 'கரவு' என்ற சொல்லைப் பத்தொன்பது வயதுப் பெண் எங்கே கேட்டிருப்பாள்? அகராதியைப் புரட்டி அறிந்துகொள்ள வேண்டிய சொல் அவசரத்துக்கு உதவாது. பாரதி அக்கினிக் குஞ்சை வைத்தது காட்டிலோர் பொந்தில். வெந்து தணிந்தது காடு. பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த வரி. 'பொந்துத்தீ' என்று சொல்லிப் பாருங்கள். எங்கே தேட வேண்டும் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

பெங்களூர், முன்னாள் கேபின் பணியாளர், பயிற்றுநர்:

எல்லாருக்கும் வணக்கம். பொந்துத்தீ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் விமானக் கூரைக்கு மேலே இருப்பது பொந்து அல்ல. முன்னிருந்து பின்வரை நீளும் இடைவெளி. புகை ஓர் இடத்தில் வெளிவரும், எரிவது பல அடி தள்ளி இருக்கும். பொந்து என்று படித்தவள் புகை வரும் ஓட்டையிலேயே அணைப்பானைக் காலி செய்துவிடுவாள்.

'மறைதீ' கட்டாயம் வேண்டாம். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவென்றால் அதை 'மறையும் தீ' என்றும் விரிக்கலாம். மறைகிறது என்றால் இல்லாமல் போகிறது என்றும் பொருள்தானே? 1983 ஜூன் 2 அன்று டல்லஸிலிருந்து டொராண்டோவுக்குப் பறந்த ஏர் கனடா 797இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பின்பக்கக் கழிவறையில் புகை. பணியாளர் கதவைத் திறந்து பார்த்தார், சுடர் எதுவும் இல்லை. கரியமில வாயு அணைப்பானை உள்ளே பீய்ச்சிவிட்டுக் கதவை மூடினார். புகை குறைகிறது என்று விமானிக்குச் செய்தி போனது. பிறகு துணை விமானி போய்க் கதவைத் தொட்டபோது அது சுட்டது. திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடி வந்து, இறங்கிவிடலாம் என்றார். சின்சினாட்டியில் தரையிறங்கிக் கதவுகளைத் திறந்த 60 முதல் 90 வினாடிக்குள் கேபின் முழுவதும் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். தீயைக் குறைத்து மதிப்பிட்டதும், தலைமை விமானிக்கு ஒன்றுக்கொன்று முரணான தகவல்கள் போனதும் விசாரணை அறிக்கையில் காரணங்களாக இருக்கின்றன. பார்வைக்குத் தெரியாததை 'மறைகிறது' என்று நினைப்பதுதான் இந்த அத்தியாயம் தடுக்க வேண்டிய தவறு. அந்தத் தவறையே தலைப்பில் வைக்காதீர்கள்.

ஐயா கருதல் அளவை என்று சொன்னதை அப்படியே கையேட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் வகுப்பில் சொல்வதும் அதுதான்: புகை என்றால் நெருப்பு, இல்லை என்று உறுதியாகும்வரை. கழிவறைக் கதவைப் புறங்கையால் கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். உள்ளங்கை வெந்துவிட்டால் அந்தக் கையால் அணைப்பானைப் பிடிக்க முடியாது. சூடு தெரிந்தால் மூச்சுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, அணைப்பானின் முனை நுழைகிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து ஹாலன் என்னும் தீயணைப்பு வாயுவை உள்ளே செலுத்தி உடனே மூட வேண்டும். ஒருத்தி அணைப்பாள், ஒருத்தி இன்டர்காமில் விமானியிடம் பேசிக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தி அடுத்த அணைப்பானையும் கவசத்தையும் கொண்டு வருவாள். இதில் எந்த வேலையும் 'ஐயம்' என்ற சொல்லோடு ஒத்துப்போகாது.

அடுத்தது 'தீ'. ஒத்திகையில் பிள்ளைகள் தமிழிலேயே கத்துவார்கள். இயந்திர இரைச்சலில், மூச்சுக் கவசத்துக்குள்ளிருந்து இன்டர்காமில் 'தீ' என்று சொன்னால் எதிர்முனையில் 'டீ' என்று விழுகிறது. நாள் முழுவதும் டீ கேட்டு அழைக்கிற இடம் அது. 'நெருப்பு' என்றால் எந்த இரைச்சலிலும் நெருப்புதான். 'பதுங்கு நெருப்பு' என்று வையுங்கள். பதுங்குவது பாய்வதற்கு என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சின்சினாட்டியில் கதவு திறந்ததும் நடந்தது அந்தப் பாய்ச்சல்தான்.

கோயம்புத்தூர், பொறியாளர்:

பொந்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அக்கா சொல்வது சரி. ஆனால் ஒரு சொல்லின் தலையில் இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டாம். சுவிஸ்ஏர் 111ஐப் பாருங்கள். 1998 செப்டம்பர் 2, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா. இரவு 10:10க்கு விமானியறையில் வித்தியாசமான நாற்றம். முதலில் ஏர்கண்டிஷனிலிருந்து வருவதாக நினைத்தார்கள். 10:14க்குப் 'பான் பான்' என்ற அவசர அழைப்பைத்தான் அறிவித்தார்கள், உயிராபத்துக்கு உரிய 'மேடே' அழைப்பை அல்ல. எரிபொருளைக் கொட்டிவிட்டுக் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்கத் திட்டம். 10:31க்கு நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்தது, 229 பேரும் போனார்கள். கூரைக்கு மேலே மின்கம்பியில் பொறி பறந்து, வெப்பத்தையும் சத்தத்தையும் தடுக்க வைத்த காப்புப் போர்வையின் உறை பற்றி எரிந்திருக்கிறது. முதல் நாற்றத்திலேயே நேராக ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்பியிருந்தாலும் பத்திரமாகத் தரையிறங்கியிருக்க முடியாது என்றுதான் கனடா விசாரணையாளர்கள் முடிவு செய்தார்கள். அங்கே குற்றவாளி போர்வை உறை. எந்தச் சொல்லும் அதை அணைத்திருக்காது.

பெங்களூர், பயிற்றுநர்:

அணைத்திருக்காது தம்பி. ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு கையேடுகள் எல்லாம் 'தாமதிக்காதே' என்று மாறியதும் உண்மைதானே. போர்வையை மாற்றுவது உங்களைப் போன்றவர்கள் வேலை, நாற்றம் வந்த நிமிடத்தில் என்ன நினைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது என் வேலை.

யாழ்ப்பாணம், ஆசிரியை:

'நெருப்பு' எங்களுக்கும் உடன்பாடு. 'பதுங்கு' மட்டும் உறுத்துகிறது. பதுங்குகுழி என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் காதில் பதுங்குதல் என்பது உயிரைக் காத்துக்கொள்ளுதல். குண்டு விழும்போது தாய் பிள்ளையை அணைத்துக்கொண்டு செய்தது. அந்தச் சொல்லை எரிக்கிற பொருளுக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. 'மூடுநெருப்பு' என்று வைத்தால் என்ன? மூடியிருப்பதும் புரியும், திறந்தால் ஆபத்து என்பதும் புரியும்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

தங்கை சொன்னது என்னை அசைத்துவிட்டது. ஆனால் 'மூடுநெருப்பு' என்பதை 'மூடும் நெருப்பு' என்று விரித்தால் நெருப்பு எதையோ மூடுகிறது என்றாகிறது. 'மூடிய நெருப்பு' என்று விரித்தாலும் மூடியது யார் என்பது தெளிவாகாது. 'மூடு பல்லக்கு' வழக்கில் இருக்கிறதே என்று கேட்கலாம்; அது நீண்ட பழக்கத்தால் நிலைத்தது. 'கரவு' ஒன்றுதான் யாரையும் புண்படுத்தாது, மயங்கவும் விடாது. தெரியாத சொல் என்பது குற்றச்சாட்டே அல்ல. கற்பிக்கத்தானே கையேடு? 'பேருந்து' என்று எழுதத் தொடங்கியபோதும் யாருக்கும் தெரியாது என்றார்கள்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு ஆகிவிட்டது. கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர், தனிமடல் எழுதியவர்களையும் சேர்த்து, 'பதுங்கு நெருப்பு' பக்கம். அதையே வைக்கிறேன். யாழ்ப்பாணத்து அக்காவின் காரணத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இலங்கைப் பதிப்பு என்று ஒன்று வந்தால் அதில் 'மூடுநெருப்பு' வரும். 'ஐயத்தீ'யை எடுத்துவிட்டேன். அந்த இடங்களில் எல்லாம் 'புகை கண்டால் நெருப்பு' என்று முழு வாக்கியமாகவே எழுதிவிட்டேன், தனிச்சொல் தேவைப்படவில்லை.

லித்தியம் பேட்டரி பத்தி இன்னும் பாக்கி. பவர்பேங்கில் ஒரு கலம் (செல்) சூடாகி, அந்தச் சூடு அடுத்த கலத்தைக் கிளப்பி, ஹாலனால் சுடர் அணைந்த பிறகும் மறுபடி மறுபடி பற்றுகிறதே, தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் அடங்குகிறதே, அதற்கு 'வெப்பத் தொடரேற்றம்' என்று போட்டிருக்கிறேன். விடிவதற்குள் யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

'தொடரேற்றம்' சரியில்லை, மலையேற்றம் போல ஒலிக்கிறது. 'அடங்கா வெப்பம்' என்று பாருங்கள். கரவுத்தீயை நான் கைவிடவில்லை.