ராம் எங்கே போனது? செக்‌ஷன் வாரியாகத் தேடிய அனுபவங்கள்

எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் ஓடும் ஒரு டிஸ்ப்ளே புராஜெக்ட் என் கைக்கு வந்தது. அந்தச் சிப்பில் ஃபிளாஷ் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) 64 கேபி, ராம் (ஓடும்போது மாறும் மதிப்புகளுக்கான நினைவகம்) வெறும் 20 கேபி. புதிதாக ஒரு பஃபர் சேர்த்ததும், ராமில் இடம் போதவில்லை என்று லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் கருவி) நின்றுவிட்டது. பெரிய சிப்புக்கு மாறிவிடலாம் என்று குழுவில் பேச்சு ஓடியது. நான் மேப் ஃபைலைத் திறந்தேன்; எந்த மாறி எந்த செக்‌ஷனில் (ஒரே வகையானவற்றைச் சேர்த்து வைக்கும் பகுதி) எவ்வளவு இடம் எடுக்கிறது என்று லிங்கர் எழுதித் தரும் பட்டியல் அது.

டேட்டா செக்‌ஷனில் ஒரு ஃபாண்ட் அட்டவணை உட்கார்ந்திருந்தது. 95 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 26 வரி, வரிக்கு 2 பைட். மொத்தம் 4940 பைட். ஓடும்போது அதை யாரும் மாற்றப்போவதில்லை. ஆனால் அறிவிப்பில் 'கான்ஸ்ட்' (இது மாறாது என்ற குறிப்பு) இல்லை. குளோபல் மாறி ஒன்றை ஆப்ஜெக்ட் ஃபைலில் (ஒரு சி ஃபைலைக் கம்பைல் செய்தால் கிடைப்பது) எங்கே வைப்பது என்பதற்குக் கம்பைலர் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம்: ஆரம்ப மதிப்பு உண்டா, பின்னால் மாறக்கூடுமா. மதிப்பும் உண்டு, மாறவும் கூடும் என்றால் டேட்டா. மாறாது என்றால் ரோடேட்டா. மதிப்பே தரவில்லை, அல்லது எல்லாம் பூஜ்ஜியம் என்றால் பிஎஸ்எஸ். பிஎஸ்எஸ்ஸுக்கு ஃபைலில் அளவு மட்டும்தான் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது.

டேட்டாவில் விழுந்தால் செலவு இரட்டிப்பு. கரன்ட் போய் வந்தாலும் ஆரம்ப மதிப்பு இருக்க வேண்டுமே, அதனால் ஃபிளாஷில் ஒரு நகல் இருக்கும்; மெயின் தொடங்கும் முன்பே ஸ்டார்ட்அப் கோடு அதை ராமுக்குக் காப்பி செய்யும். 'கான்ஸ்ட்' சேர்த்தேன். அட்டவணை ரோடேட்டாவுக்குப் போனது, எது எந்த நினைவகத்தில் என்று லிங்கருக்குச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட் அதை ஃபிளாஷிலேயே நிறுத்தியது. ராமில் கிட்டத்தட்ட கால்வாசி திரும்பக் கிடைத்தது. சிப்பை மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே இன்னொன்றும் பார்த்தேன். 4096 பைட் அரே ஒன்றில் முதல் இடத்துக்கு மட்டும் 255 கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பைட்டுக்காக முழு அரேயும் டேட்டாவில் இருந்தது. அந்த மதிப்பை ஓடும்போது போடும்படி மாற்றியதும் அரே பிஎஸ்எஸ்ஸுக்கு நகர்ந்தது. ராம் கணக்கு அப்படியே, ஃபிளாஷில் 4 கேபி மிச்சம்.

*

மேலே எழுதிய நண்பர் சொன்னதை ஆர்டுயினோ ஊனோவில் அப்படியே நம்பிவிடாதீர்கள். அதில் இருக்கும் ஏடிமெகா328பி-யில் ஃபிளாஷுக்கும் ராமுக்கும் தனித்தனி முகவரி வெளி. சாதாரண லோடு கட்டளையால் ஃபிளாஷைப் படிக்க முடியாது. அதனால் ரோடேட்டாவும் டேட்டாவோடு சேர்ந்து ராமுக்குத்தான் வரும், 'கான்ஸ்ட்' போட்டாலும்கூட. ராம் மொத்தமே 2048 பைட்.

கல்லூரி மாணவர்கள் கொண்டுவந்த ஒரு போர்டு அடிக்கடி ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. நீள நீளமான மெனு வாசகங்களே ராமில் பாதியைத் தின்றிருந்தன, மீதியில் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஓடும்போது தற்காலிகமாக எடுக்கும் ராம்) போய் முட்டியது. 'ப்ரோக்மெம்' என்று குறித்தால் அவை தனி செக்‌ஷனுக்குப் போய் ஃபிளாஷிலேயே தங்கும். படிக்கத்தான் தனி ஃபங்ஷன் வேண்டும். சீரியல் பிரின்டில் வரும் வாசகங்களுக்கு இதையே சுலபமாகச் செய்யும் எஃப் மேக்ரோ இருக்கிறது. மாற்றியபின் போர்டு நிற்காமல் ஓடியது.

*

நான் சிப் பக்கம் போனதில்லை, சர்வர் வேலை. பழைய சி கோடு ஒன்று ஜிசிசி கம்பைலரின் 9-ஆம் பதிப்பு வரை ஒழுங்காக பில்ட் ஆனது. 10-க்கு மாறியதும் ஒரே பெயர் பல இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று லிங்கரிடமிருந்து வரிசையாகப் பிழைகள். பல சி ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடரில் 'எக்ஸ்டெர்ன்' (வரையறை வேறிடத்தில் என்ற குறிப்பு), ஆரம்ப மதிப்பு இரண்டும் இல்லாமல் எழுதிய மாறிகள் முன்பு 'காமன்' என்ற பொதுப் பகுதியில் குறிக்கப்படும், லிங்கர் ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அவை நேரே பிஎஸ்எஸ்ஸுக்குப் போகின்றன. அப்புறம் மோதாமல் என்ன செய்யும்?

பழைய முறைக்கே திருப்பும் 'எஃப்-காமன்' ஆப்ஷனைப் போட்டு அடக்கிவிடலாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையில் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களைப் பார்த்தேன். 'ஸ்டேட்டஸ்' என்ற பெயரை இரண்டு மாட்யூல்கள் தங்கள் சொந்த மாறியாக நினைத்து எழுதியிருந்தன. ஒன்றில் அது இன்ட், மற்றதில் கேரக்டர் அரே. இரண்டும் இத்தனை காலமும் சத்தமில்லாமல் ஒரே இடத்தைப் பகிர்ந்து, ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் அந்தந்த ஃபைலுக்குள் மட்டும் தெரியும்படி 'ஸ்டாட்டிக்' ஆக்கினேன். மற்றவற்றுக்கு ஹெடரில் 'எக்ஸ்டெர்ன்', ஒரே ஒரு சி ஃபைலில் வரையறை.