ஸ்பேர் பேட்டரிக்கு ஒரு சொல்: உதிரியா, மாற்றா, சேமமா?

ந. எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்படம் எடுக்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் காலை அச்சுக்குப் போகிறது. டிஜிட்டல் கேமராவுக்கு ஸ்பேர் பேட்டரி எடுத்துச் செல்வதையும் பேணுவதையும் பற்றிய இரண்டு பக்கம் மட்டும் நின்றுபோயிருக்கிறது. 'ஸ்பேர்' என்ற ஒரு சொல்தான் காரணம்.

எல்லாரும் எழுதுவதுபோல 'உதிரி மின்கலம்' என்று தொடங்கினேன். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வந்து விழுந்தது: "உதிரி மின்கலத்தை உதிரியாகப் பையில் போடாதீர்கள்." அதோடு கை நின்றுவிட்டது. அந்தப் பகுதியின் உயிரான அறிவுரையே அதுதான். பேட்டரியின் உலோக முனைகள் வெளியே தெரிகின்றன. அதே பையில் சாவியோ நாணயமோ கிடந்தால் இரண்டு முனைகளையும் அது இணைத்துவிடும். மின்னோட்டம் தடையில்லாமல் பாயும், சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். அதனால் மூடி போட்டு, தனித்தனி உறையில் வைக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பெயரிலேயே 'உதிரி' என்றால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

பொருத்தமான சொல் தாருங்கள். நாளை இரவுக்குள் கிடைத்தால் நல்லது.

செ. எழுதியது:

அக்கா, 'துணை மின்கலம்' என்று போட்டுவிடலாமே? துணைக்கு ஒன்று. யாருக்கும் புரியும். அதில் சிக்கல் என்றால் 'மாற்று மின்கலம்'.

இ. எழுதியது:

தம்பி, புரியும்தான், வேறு பொருளாகப் புரியும். பள்ளி இயற்பியலில் முதன்மை மின்கலம், துணை மின்கலம் என்று படித்திருக்கிறோம். ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்தது முதன்மை. திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடியது துணை. லித்தியம்-அயனி பேட்டரிகள் எல்லாமே துணை மின்கலங்கள். கேமராவுக்குள் இருப்பதும் துணை, பையில் இருப்பதும் துணை என்றால் சொல்லுக்கு வேலை இல்லை.

'மாற்று' இதைவிட மோசம். கேமராவைச் செய்த நிறுவனம் விற்காமல், பிறர் அதே அளவில் செய்து விற்கும் பேட்டரியைத்தான் பலரும் 'மாற்று' என்கிறார்கள். "மாற்று மின்கலம் வாங்கும்போது கவனம் தேவை" என்று கையேட்டில் ஓர் இடத்தில் வந்தே தீரும். அங்கே என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. அடிப்படையிலேயே 'மின்கலம்' தவறு. நீங்கள் கேமராவில் செருகும் கட்டியில் பெரும்பாலும் 7.2 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். லித்தியம்-அயனிக் கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட். அப்படியானால் உள்ளே இரண்டு கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. அது மின்கலம் அல்ல, மின்கல அடுக்கு. விரல் தடிமனில் தனித்தனியாக வருகிறதே, 1.2 வோல்ட் நிக்கல் வகை, அதற்குத்தான் 'மின்கலம்' முழுதாகப் பொருந்தும்.

வ. எழுதியது:

பொறியாளர் சொல்வது சரி. 1749இல் பெஞ்சமின் பிராங்கிளின் மின்னைத் தேக்கும் கண்ணாடித் தகடுகள் பலவற்றை வரிசையாக இணைத்து, அந்தத் தொகுதிக்குத்தான் பேட்டரி என்று பெயர் வைத்தார். பீரங்கி வரிசையைக் குறித்த சொல் அது. வோல்ட்டா 1800இல் உலோகத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது உண்மையிலேயே அடுக்கு. ஆக 'அடுக்கு' நாம் வைத்ததிலேயே சிறந்த பெயர், பீரங்கியைவிட எவ்வளவோ மேல். 'மின்னடுக்கு' என்று சுருக்கலாம். அடுக்குத்தொடர் இலக்கணத்தில் இருப்பதுபோல...

ந. எழுதியது:

ஐயா, இடைமறிப்பதற்கு மன்னியுங்கள். கலமா அடுக்கா என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். மக்கள் இரண்டுக்குமே மின்கலம் என்கிறார்கள், நானும் அப்படியே விடப்போகிறேன். எனக்கு 'ஸ்பேர்' மட்டும் வேண்டும்.

வ. எழுதியது:

ஸ்பேர்தானே அம்மா, அதற்குச் சங்கப் பாட்டிலேயே சொல் இருக்கிறது. புறநானூறு 102. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது.

காளைகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உப்பு வணிகர்கள் இன்னோர் அச்சையும் வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகிறார்கள். "உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு அன்ன" என்று அரசனைப் புகழ்கிறார். சேம அச்சு என்பது ஸ்பேர் அச்சுதான், வேறு எதுவும் இல்லை.

அதில் 'யாத்த' என்ற சொல்லைப் பாருங்கள். கட்டிய அச்சு. வண்டிக்குள் எறிந்த அச்சு அல்ல. உங்கள் கையேடு சொல்ல வருவதும் அதுதானே? ஆபத்துக்கு உதவ வேண்டிய பொருளைக் கட்டுக்கோப்பாக வைத்திரு என்பது. சேமம் என்றாலே அந்தக் காவல் உள்ளே வந்துவிடுகிறது. 'சேமக்கலம்' என்று வையுங்கள்.

மு. எழுதியது:

ஐயா, பாட்டைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. ஆனால் சேமக்கலம் என்ற சொல் ஏற்கெனவே உண்டு. வழிபாட்டில் அடிக்கும் வெண்கலத் தட்டு, சேகண்டி. அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. "வெளியே போகும்போது இரண்டு சேமக்கலம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் தடியும் வேண்டுமா என்று கேட்பார்கள்.

த. எழுதியது:

சேகண்டியை விடுங்கள். 'சேமம்' வடசொல். க்ஷேமம் என்பதன் தமிழ் வடிவம். புதிதாக ஒரு சொல் படைக்கும்போது ஏன் கடன் சொல்லில் தொடங்க வேண்டும்? தமிழில் 'ஏமம்' இருக்கிறது. பாதுகாப்பு என்று பொருள்.

"சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்." ஏமப்புணை, அதாவது காக்கும் தெப்பம். கலம் என்றாலும் மரக்கலம்தானே? ஏமப்புணை போலவே ஏமக்கலம். இதைவிடப் பொருத்தம் ஏது? அது மட்டுமல்ல, இக்குறளில் சேர்ந்தாரைக் கொல்லி என்பது நெருப்பின் பெயர் என்பது பரிமேலழகர் உரை. சாவியும் மின்முனையும் சேர்ந்தால் வருவது அந்த நெருப்பேதான். முனைகளை இணைத்துவிடும் அந்த நிகழ்வுக்குக்கூடக் குறுக்குச்சுற்று என்பதை விட்டுவிட்டு இந்தக் குறளிலிருந்தே ஒரு சொல் எடுக்கலாம்.

செ. எழுதியது:

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறீர்களோ? இப்பி–சிப்பி, அமையம்–சமையம் போல ஏமம் என்பதே சேமம் ஆகியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் சண்டையே இல்லை.

வ. எழுதியது:

தம்பி, எதிர்த்திசையிலும் நடக்கும். சமணர் என்பது அமணர் ஆனது. அங்கே சகரம் கெட்டது. அந்த வழியில் போனால் சேமம்தான் தேய்ந்து ஏமம் ஆனது என்று ஒருவர் வாதிடலாம். அப்புறம் ஏமமும் வடசொல்லாகிவிடும்.

த. எழுதியது:

ஆகாது. சமணர் அமணர் ஆனதற்குக் காரணம் உண்டு. "சகரக் கிளவியும் அவற்றோரற்றே, அ ஐ ஔ எனும் மூன்றலங் கடையே" என்பது தொல்காப்பியம். சொல் முதலில் ச, சை, சௌ வராது. அதனால் அந்தச் சகரம் கெட்டது. 'சே' வரலாம். சேமத்துக்குச் சகரம் கெட வேண்டிய தேவையே இல்லை. எனவே ஏமம் தனிச்சொல், தமிழ்ச்சொல்.

வ. எழுதியது:

அந்த 102ஆம் பாட்டிலேயே "சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே" என்று வருகிறது. சகடம்! சகரம் அகரத்தோடு முதலில் நிற்கிறது. வண்டிக்குச் சகடம் என்றும், மாற்றச்சுக்குச் சேமம் என்றும் ஔவையார் தயங்காமல் பாடியிருக்கிறார். பழகிய சொல் எதுவோ அதை அவர் எடுத்துக்கொண்டார். நமக்கும் அது போதும் என்பது என் உறுதியான கருத்து.

ப. எழுதியது:

நான் பறவைகளைப் படம் எடுக்கிறவன். இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். களத்தில் யாரும் மின்கலம் என்றுகூடச் சொல்வதில்லை. "ஸ்பேர் இருக்கா?" அவ்வளவுதான். 'ஸ்பேர் பேட்டரி' என்றே எழுதுங்கள் என்பது என் வாக்கு.

ஆனால் எங்களுக்கு உண்மையிலேயே வேறு ஒரு சொல் தேவைப்படுகிறது. நிரம்பியது எது, தீர்ந்தது எது? இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை, கூட்டில் குஞ்சு முதன்முதலாக இறகை விரித்த நேரத்தில், கேமராவிலிருந்து தீர்ந்ததை எடுத்துவிட்டு முந்தின நாள் தீர்ந்ததைப் போட்டேன். பதற்றத்தில் அதை எடுத்துவிட்டு முதலில் எடுத்ததையே மறுபடி போட்டேன். குஞ்சு பறந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். நிரம்பியதற்கு மூடியை நேராகவும், தீர்ந்ததற்குத் திருப்பியும் போடுகிறேன். சில பேட்டரிகளின் மூடியில் இதற்காகவே ஒரு துளை வைத்திருக்கிறார்கள். மூடியை எந்தப் பக்கமாகப் போட்டோம் என்பதைப் பொறுத்துத் துளைக்குள் நிறம் தெரியும் அல்லது தெரியாது. 'நிறைகலம்', 'வெறுங்கலம்' என்று கையேட்டில் இரண்டு சொல் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

குளிரையும் மறக்காதீர்கள். கடுங்குளிரில் பேட்டரி தீர்ந்ததுபோல் காட்டும், உண்மையில் தீர்ந்திருக்காது. உடம்போடு ஒட்டிய உட்பையில் கொஞ்ச நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். இது வெறுங்கலம் இல்லை, சோர்ந்த கலம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் எத்தனையோ பேர் பாதி நாளில் திரும்பிப் போகிறார்கள்.

மு. எழுதியது:

நிறைகலம் மிக அழகு, நிறைகுடம்போல. ஆனால் நெடுநாள் எடுத்து வைப்பதானால் நிறைகலமாக வைக்கக்கூடாது, பாதி அளவு மின்னேற்றத்தோடு குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். சரிதானே?

இ. எழுதியது:

சரி அம்மா. முழுக்க ஏற்றி வெப்பத்தில் வைத்தால் வேகமாக மூப்படையும். முழுக்கத் தீர்த்து மாதக்கணக்கில் போட்டுவைத்தால் மின்னழுத்தம் மிகவும் இறங்கி, பாதுகாப்புச் சுற்று அதைத் திரும்ப ஏற்ற விடாது. முற்றிலும் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்கு அது வேண்டாம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது மின்னேற்றவும் கூடாது. உப்பிப்போன பேட்டரியை 'இன்னும் ஒரு நாள்' என்று பயன்படுத்தக் கூடாது. இந்த ஐந்தையும் தடித்த எழுத்தில் போடுங்கள், சொல் எதுவானாலும்.

சொல்லைப் பற்றி ஒன்று. வானூர்திப் பயண விதிகளில் 'ஸ்பேர்' என்றால் கூடுதலாக இருப்பது என்று பொருள் இல்லை. கருவிக்குள் பொருத்தப்படாதது என்று பொருள். பவர் பேங்க்கும் அந்தக் கணக்கில்தான் வரும். இவற்றைச் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகளை மறைத்திருக்க வேண்டும். பேட்டரியில் அடங்கும் ஆற்றல் 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 7.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 14.4 வாட்-மணிதான், கவலை இல்லை. ஆனால் ஒரே ஒரு பேட்டரி வைத்திருப்பவர்கூட அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டால் அது ஸ்பேர் ஆகிவிடும். அந்தப் பொருளை ஏமமும் தரவில்லை, சேமமும் தரவில்லை. கேமராவுக்குள் இருப்பது அகக்கலம், வெளியே இருப்பது புறக்கலம் என்று பிரித்தால் என்ன?

செ. எழுதியது:

அகம், புறம் என்றால் பேராசிரியர் ஐயா விடமாட்டார்...

வ. எழுதியது:

விடுகிறேன் தம்பி, நேரமில்லை. சேகண்டிச் சிக்கலுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். கலம் என்று சுருக்காமல் மின்கலம் என்றே வையுங்கள். சேமம் + மின்கலம், மகரம் கெட்டு 'சேமமின்கலம்'. வல்லினம் வராததால் ஒற்று மிகாது. சேகண்டியும் ஓய்ந்துவிடும். பிரித்து எழுதினாலும் குற்றமில்லை.

ந. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பக்கங்களை அனுப்பிவிட்டேன்.

சேம மின்கலத்துக்கு நான்கு பேர், ஸ்பேர் பேட்டரிக்கு இரண்டு பேர், ஏமக்கலத்துக்கு ஒருவர். முதலில் வரும் இடத்தில் 'சேம மின்கலம் என்னும் ஸ்பேர் பேட்டரி' என்று எழுதி, பிறகு சேம மின்கலம் என்றே தொடர்ந்திருக்கிறேன். பயணப் பகுதியில் மட்டும் 'கருவியில் பொருத்தாத மின்கலம்' என்று விரித்தே எழுதிவிட்டேன். அங்கே ஒரு சொல்லை நம்பிப் பொருளைக் கோட்டைவிட எனக்குத் துணிவில்லை. நிறைகலம், வெறுங்கலம் இரண்டும் சேர்ந்துவிட்டன. சோர்ந்த கலத்துக்குத் தனிப் பத்தியே கொடுத்திருக்கிறேன்.

என்னை நிறுத்திய அந்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: "சேம மின்கலத்தை உதிரியாகப் பையில் போடாதீர்கள்." உதிரி என்ற சொல் இப்போதுதான் தன் வேலையைச் செய்கிறது.

த. எழுதியது:

பெரும்பான்மையை மதிக்கிறேன், ஏற்கவில்லை. நான் எடுக்கும் வகுப்பில் ஏமக்கலம் என்றே சொல்வேன். பறவை நண்பர் சொன்னபடி என்னுடைய மூன்றிலும் நேற்றிரவு எண் எழுதி ஒட்டினேன்: ஏ1, ஏ2, ஏ3. ஏ2 கொஞ்சம் உப்பியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.