1969 கமாரோ இசட்/28: சிக்னலில் சூடேறுகிறது, டேப்பட் சத்தம், அசல் 302 தானா என்றும் சந்தேகம்

நாலுகியர்
வணக்கம். டெட்ராய்ட் பக்கம் ஒரு 1969 கமாரோ இசட்/28க்கு (ஷெவ்ரலேவின் பழைய பந்தய வகைக் கார்) அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். "காரோடு வந்த அசல் டி.இசட் 302 எஞ்சின்" என்கிறார் விற்பவர் (302 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு, டி.இசட் அதன் குறியீடு). விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். ஆனால் தன் கராஜிலேயே பார்க்கவும் கை வைக்கவும் விடுகிறார், அது பெரிய விஷயம். மீதிப் பணம் தருவதற்கு முன் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

சூடான பிறகும் டேப்பட் (வால்வைத் தூக்கும் பாகம், லிஃப்டர் என்றும் சொல்வார்கள்) சத்தம் தையல் மிஷின் மாதிரி கேட்கிறது. சிக்னலில் நின்றால் வெப்பம் 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. ஹைவேயில் ஏறினால் 180க்கு இறங்கிவிடுகிறது. 93 ஆக்டேன்தான் போட்டிருக்கிறது, ஆனாலும் மேட்டில் மூன்றாம் கியரில் அழுத்தினால் நாக்கிங், அதாவது எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம். ஐட்லிங்கில் எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் கேஜில் 10 அங்குலம் காட்டுகிறது, முள் ஆடுகிறது. எஞ்சின் தேய்ந்துவிட்டதா? இது நிஜ 302 தானா?

சனிக்கிழமைமெக்கானிக்
ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் வகை) போட்டுவிடுங்கள். சத்தமும் போகும், ஐட்லிங்கும் சரியாகும்.

எண்ணெய்க்கை
மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள் தம்பி! 302இல் இருப்பது சாலிட் லிஃப்டர், இடைவெளியை நாமே வைக்க வேண்டிய வகை. சத்தம் வரத்தான் செய்யும். இதன் கேமுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) '30-30' என்று பேர் வந்ததே, இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் டேப்பட் இடைவெளி 0.030 அங்குலம் என்பதால்தான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வைக்க வேண்டிய அளவு அது. எல்லா வால்விலும் ஒரே மாதிரி சத்தம் என்றால் செட்டிங் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் தனியாக, ஓங்கிக் கேட்டால் கேம் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. வால்வ் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள்.

10 அங்குல வேக்குவமும் நோய் இல்லை. இந்த கேமில் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம், அதனால் ஐட்லிங் குதிக்கும்.

பழையதகரம்
தேய்மானத்தை அண்ணன் பார்த்துக்கொள்வார். நான் அசலா என்ற கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தில் எஞ்சின் 5 லிட்டருக்குள், அதாவது 305 கன அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காக 327 எஞ்சினின் 4 அங்குல போரையும் (சிலிண்டர் அகலம்) 283 எஞ்சினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் நகரும் தூரம்) சேர்த்து ஷெவ்ரலே செய்ததுதான் 302. மார்க் டொனஹியூ பென்ஸ்கி அணிக்காக ஓட்டி, 1968, 1969 இரண்டு வருடமும் ஷெவ்ரலேவுக்கு சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தது இதே எஞ்சின் வகையில்தான். காகிதத்தில் 290 குதிரைத்திறன். அதை அன்றைக்கே யாரும் நம்பவில்லை. இசட்/28 கார்கள் 1967இல் 602, 1968இல் 7,199, 1969இல் 20,302 (அந்தக் கடைசி மூன்று இலக்கம் சும்மா தற்செயல்). அதோடு 302 நின்றுவிட்டது.

வின் எண்ணை (காரின் அடையாள எண்) வைத்து எதுவும் தெரியாது. 1969 கமாரோவில் 124 என்று தொடங்கினால் வி8 என்று மட்டும்தான் பொருள், சாதாரண 307ம் அப்படித்தான் தொடங்கும். எனவே இவற்றைப் பார்த்து எழுதுங்கள்: முன்கண்ணாடிக்குக் கீழே கௌலில் உள்ள டிரிம் தகடு (பாடி விவரம் அடித்தது), பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் உள்ள சின்ன மேடையில் அடித்த எழுத்து, பிளாக்கின் பின்பக்கம், பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸை இணைக்கும் கூடு) சேரும் விளிம்பில் ஓட்டுநர் பக்கம் வார்ப்பு எண், பயணி பக்கம் வார்ப்புத் தேதி. கடைசி இரண்டுக்கும் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும், பொறுமையும்.

நாலுகியர்
பார்த்துவிட்டேன். டிரிம் தகட்டில் 02சி, எக்ஸ்77. மேடையில் வி0212டிஇசட், பக்கத்தில் 19என் என்று தொடங்கி காரின் கடைசி ஆறு இலக்கங்கள். பின்னால் 3956618. தேதி டி 15 9. எல்லாம் பொருந்துகிற மாதிரிதானே?

டேப்பட் எல்லாமே 0.034, 0.036 என்று ஒரே சீராகத் தளர்ந்திருந்தன. 0.030க்குக் கொண்டுவந்ததும் சத்தம் பாதியாகிவிட்டது. நன்றி அண்ணா.

பழையதகரம்
பொருந்தவில்லை நண்பரே.

02சி என்றால் பாடி பிப்ரவரி மூன்றாம் வாரம். எக்ஸ்77 என்றால் இசட்/28, ஸ்டைல் டிரிம் இல்லாதது. நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் வாக்கில்தான் இந்த எக்ஸ் குறியீடு அடிக்கத் தொடங்கினார்கள், எனவே தகடு சரி. வி0212டிஇசட் என்றால் ஃபிளின்ட்டில் பிப்ரவரி 12 அன்று பூட்டிய 302. இதுவும் பாடிக்கு அழகாக ஒத்துப்போகிறது. ஆனால் வார்ப்புத் தேதியில் 'டி' ஆங்கிலத்தில் நான்காவது எழுத்து, எனவே நான்காவது மாதம். அதாவது 1969 ஏப்ரல் 15. ஏப்ரலில் வார்த்த இரும்பை பிப்ரவரியில் எப்படிப் பூட்டுவார்கள்?

மேடையில் அடிப்பது சுத்தியலும் அச்சும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. வார்ப்புத் தேதி அச்சிலிருந்தே புடைத்து வருவது, அதை மாற்றுவது கஷ்டம். அதனால்தான் ஏமாற்றுகிறவர்கள் முன்னால் இருப்பதை மட்டும் கவனித்து, பின்னால் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். இப்போது அந்த மேடையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தொழிற்சாலையில் சீவிய மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும்.

618 பிளாக்கை 350க்கும் பயன்படுத்தினார்கள், போர் ஒன்றுதான். எனவே உள்ளே 350 கூட இருக்கலாம். பந்தயப் பரிசோதகர்கள் வைத்திருக்கும், பிளக் துளை வழியாக சிலிண்டர் கொள்ளளவை அளக்கும் கருவி கிடைத்தால் திறக்காமலே தெரிந்துவிடும். 302 என்றால் ஒரு சிலிண்டர் 37.7 கன அங்குலம், 350 என்றால் 43.7.

நாலுகியர்
மேடை வழவழவென்று இருக்கிறது, ஒரு கோடு இல்லை. டிராக் ரேஸ் பழக்கமுள்ள ஒருவர் கருவியோடு வந்தார். 38.3 வந்தது.

பழையதகரம்
அப்படியானால் போரை 0.030 அங்குலம் பெரிதாக்கிய 302. கிராங்க் (ஸ்ட்ரோக்கைத் தீர்மானிக்கும் தண்டு) 302இன் அளவுதான், பிளாக் மட்டும் வேறு. பழைய பிளாக் உடைந்திருக்கலாம். வாரன்ட்டியில் ஷெவ்ரலேவே மாற்றிக் கொடுத்திருந்தால் 'சி.இ.' என்று அடித்திருக்கும், அது கௌரவமான அடையாளம். இங்கே மேடையைச் சீவி டி.இசட் அடித்திருக்கிறார்கள். விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கியர்பாக்ஸிலும் வின் எண்ணின் பகுதி அடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

எண்ணெய்க்கை
சரி, சூட்டுக்கு வருவோம். ஓடும்போது இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. ஃபேனைச் சுழற்றும் ஃபேன் கிளட்ச்சை முதலில் பாருங்கள். அது சரியென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் (வேக்குவத்தால் இழுபட்டு பொறியை முன்கூட்டி விழவைக்கும் டப்பா) மேல்தான் என் சந்தேகம். சாதாரண 350க்கான டப்பாவை மாட்டியிருப்பார்கள். அது முழுதும் இழுக்க 15, 16 அங்குலம் வேண்டும், உங்களுக்கு இருப்பதோ 10. ஐட்லிங்கில் அது இழுப்பதா வேண்டாமா என்று ஆடும், டைமிங்கும் ஆடும். பொறி தாமதமானால் எரிவதும் தாமதமாகும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வழியைச் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போகும். 8 அங்குலத்திலேயே முழுதும் இழுக்கும் பி28 வகை டப்பாவை வாங்கி, ஹோஸை நேராக மேனிஃபோல்ட் வேக்குவத்தில் கொடுங்கள்.

நாக்கிங் வேறு கதை. அழுத்தும்போது வேக்குவம் இருக்காது, எனவே டப்பாவுக்கு அதில் பங்கில்லை. ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, வேகத்தை ஏற்றி மொத்த டைமிங்கைப் பாருங்கள். 36 டிகிரிக்கு மேல் இருந்தால் குறையுங்கள். 11:1 கம்ப்ரஷன், அந்தக் காலத்து ஈயம் கலந்த பெட்ரோலுக்கு வைத்தது.

நாலுகியர்
ஃபேன் கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது. மொத்த டைமிங் 42இல் இருந்தது! 36க்கு இறக்கியதும் நாக்கிங் போய்விட்டது. டப்பா மாற்றியதும் சிக்னலில் 195ஐத் தாண்டவில்லை. ஐட்லிங் இன்னும் குதிக்கிறது, ஆனால் முள் நிற்கிறது.

கியர்பாக்ஸ் எண் காரோடு பொருந்துகிறது. விற்பவரிடம் வார்ப்புத் தேதியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் விலையை இறக்கச் சம்மதித்தார்.

பழையதகரம்
வாங்குங்கள். நிஜ இசட்/28, நிஜ கியர்பாக்ஸ், மாற்று பிளாக் என்ற விலைக்கு. பில்லில் 'பிளாக் காருடையது அல்ல, எண் பிற்பாடு அடித்தது' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்தத் தாள் வேண்டும்.

எண்ணெய்க்கை
ஆயிலையும் மாற்றிவிடு தம்பி. இப்போதைய கார் ஆயில்களில் ஜிங்க் குறைவு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகக் குறைத்துவிட்டார்கள். தட்டை லிஃப்டருக்கு அது போதாது, கேம் தேய்ந்துவிடும். 1,000 பிபிஎம்முக்கு மேல் ஜிங்க் இருக்கிற பழைய கார் ஆயிலாகப் பார்த்து வாங்கு. டேப்பட்டை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்.