யூபிஎஸ் அறையின் 2 மணி நேரம் தீ தாங்க வேண்டிய ட்ரைவால் ஸ்லாப் (மேல் கான்கிரீட் தளம்) வரை போகவில்லை. சீலிங்கை மாற்றினால் போதுமா?

கவின்_சைட்

சென்னையில் 9 மாடி அலுவலகக் கட்டடம், 5ஆவது தளம். யூபிஎஸ் பேட்டரி அறைக்கும் காரிடாருக்கும் நடுவில் 14 மீட்டர் நீளத்துக்கு ட்ரைவால் (தகடு சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்த சுவர்). டிராயிங்கில் தீத்தடுப்பு 120 நிமிடம் என்று இருக்கிறது. 70 மி.மீ. ஸ்டட் (நிற்கும் தகடு சட்டம்), 610 இடைவெளி, இரண்டு பக்கமும் 15 மி.மீ. பிங்க் போர்டு (தீ தாங்கும் ஜிப்சம் போர்டு) இரண்டிரண்டு அடுக்கு, உள்ளே 50 மி.மீ. ராக்வூல். இதில் குறை இல்லை.

சிக்கல் மேலே. ஃபால்ஸ் சீலிங் 2700 மி.மீ. உயரத்தில் வருகிறது என்று சுவரை 2850இல் நிறுத்திவிட்டார்கள். ஸ்லாப் அடி 3750. நடுவில் 900 மி.மீ. திறந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில் 300 அகல கேபிள் ட்ரே ஒன்று, 450×300 ஏசி டக்ட், 110 பிவிசி பைப் ஒன்று, 25 பிவிசி கான்ட்யூட் நான்கு, நைட்ரைல் ரப்பர் சுற்றிய சில்ட் வாட்டர் பைப் இரண்டு போகின்றன.

ஃபயர் கன்சல்டன்ட் ஏற்கவில்லை. சீலிங் கான்ட்ராக்டரோ, "டைல் கிளாஸ் 0 சார், வேண்டுமானால் டைலை எடுத்துவிட்டு பிங்க் போர்டு சீலிங் போட்டுத் தருகிறேன், சுவரைத் தொட வேண்டாம்" என்கிறார். அது செல்லுமா? செல்லாது என்றால் சுவரை எப்படி உயர்த்துவது? 12 நாள் இருக்கிறது.

ராஜேந்திரன்_ட்ரைவால்

செல்லாது தம்பி. கிளாஸ் 0 என்பது பொருளின் மேற்பரப்பில் தீ எவ்வளவு பரவும், பொருள் எரிந்து எவ்வளவு வெப்பம் சேர்க்கும் என்பதைச் சொல்வது. பிஎஸ் 476 என்ற பிரிட்டிஷ் தரத்தின் 6, 7ஆம் பகுதிச் சோதனைகளிலிருந்து வருவது. சுவர் எத்தனை நிமிடம் தீயைத் தடுத்து நிற்கும் என்பது 20, 22ஆம் பகுதிகளில் வரும் வேறு சோதனை. கிளாஸ் 0 டைலுக்கு நிமிடக் கணக்கே கிடையாது.

பிங்க் போர்டு சீலிங்கும் தானாக 2 மணி நேரம் ஆகிவிடாது. சீலிங்குக்கு அவர் காட்டும் சோதனை ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் ஸ்லாப்பையும் பீமையும் சேர்த்துச் சோதித்த ரிப்போர்ட்டாக இருக்கும்; அந்த எண் மொத்தத் தளத்துக்கு, சீலிங்குக்கு மட்டும் இல்லை. சீலிங்கே தனியாக நிற்க வேண்டும் என்றால் அதற்கென்று தனிச் சோதனை வேண்டும், தீ எந்தப் பக்கத்திலிருந்து என்பதும் அதில் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு லைட்டுக்கும் ஃபயர் ஹுட், ஒவ்வொரு டிஃப்யூசருக்கும் (ஏசி காற்று வரும் வாய்) டேம்பர் (தீயில் மூடிக்கொள்ளும் அடைப்பு), ஒவ்வொரு டிராப் டோருக்கும் (சீலிங்கில் திறக்கும் கதவு) ரேட்டிங். நாளை எலக்ட்ரீஷியன் ஒரு ஓட்டை போட்டால் எல்லாம் போச்சு. 14 மீட்டருக்கு 900 மி.மீ. சுவரை ஏற்றுவது இதைவிடச் சுலபம்.

முதலில் ட்ரைவால் நிறுவனத்தின் உயர அட்டவணையைப் பாருங்கள். உங்கள் ஸ்டட்டின் தகடு கனத்தில், இரண்டு அடுக்கு போர்டோடு, 610 இடைவெளியில் 3.75 மீட்டர் அனுமதி உண்டா? தீக்கான உயர வரம்பைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். உண்டு என்றால் இப்படிப் போகலாம்.

பழைய ஸ்டட்டின் தலையில் துண்டு ஸ்டட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தாதீர்கள். அங்கேதான் சுவர் மடியும். 70 ஸ்டட்டுக்குக் குறைந்தது 600 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று ஏறி, இரு ஃபிளாஞ்சிலும் (ஸ்டட்டின் பக்க மடிப்பு) இரண்டிரண்டு ஸ்க்ரூ பிடிக்க வேண்டும். அதற்கு 2250 வரை சுவரைத் திறந்தாக வேண்டும். காரிடார் பக்கம் உள் அடுக்கை 2200 வரையும் வெளி அடுக்கை 1900 வரையும் கழற்றுங்கள். அறைப் பக்கம் உள் அடுக்கு 2850இலேயே இருக்கட்டும், வெளி அடுக்கை மட்டும் 2550 வரை எடுங்கள். அப்போது நான்கு அடுக்கின் குறுக்கு ஜாயின்ட்டும் நான்கு உயரத்தில் விழும், ஒன்றின் பின்னால் ஒன்று வராது. ஜாயின்ட் வரும் இடத்தில் பின்னால் ஜிஐ ஸ்ட்ராப் (தகடு பட்டை) ஒன்று ஓட வேண்டும். 2850இல் இருக்கும் பழைய மேல் சேனலை வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஸ்லாப் அடியில் சாதாரண சேனல் வேண்டாம், ஸ்லாப் அசைய இடம் விடும், ஆழமான கால் உள்ள டிஃப்ளெக்ஷன் சேனல் போடுங்கள். ஸ்லாப் எவ்வளவு தொங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் கேளுங்கள். 15 மி.மீ. என்றால் ஸ்டட்டும் போர்டும் 3735இல் நிற்க வேண்டும். போர்டு ஸ்க்ரூ ஸ்டட்டில் மட்டும். சேனலில் ஒரு ஸ்க்ரூ ஏறினாலும் அசைவு செத்துவிடும், ஸ்லாப் இறங்கும்போது போர்டு வெடிக்கும். அந்த 15 மி.மீ. இடைவெளியைச் சோதித்த விவரப்படியே அடையுங்கள்: சேனலின் முதுகில் போர்டு பட்டைகள், இருபுறமும் அசைவு தாங்கும் ஃபயர் சீலன்ட். சேனலை ஸ்லாப்பில் பிடிக்க ஸ்டீல் ஆங்கர், 600க்கு ஒன்று. பிளாஸ்டிக் பிளக் தீயில் உருகி, சேனல் கையோடு வந்துவிடும்.

ஸ்க்ரூ நீளத்தில்தான் சைட்டில் அதிகம் தவறுகிறார்கள். நுனி ஸ்டட்டுக்குள் 10 மி.மீ. போயிருக்க வேண்டும். முதல் அடுக்குக்கு 25 போதும். இரண்டாவது அடுக்குக்கு 30+10, அதாவது 40க்குக் குறையக் கூடாது. பையில் 35 இருக்கிறது என்று அதையே அடித்தால் 5 மி.மீ.தான் பிடிக்கும், சூட்டில் வெளி அடுக்கு முதலில் கழன்று விழும். இடைவெளி 300.

கணக்கு: போர்டு சுமார் 76 சதுர மீட்டர். 1220×2440 அளவில் கழிவோடு 30 போர்டு. ஸ்டட் 1.48 மீட்டர் துண்டுகள் 24. டக்ட், ட்ரே ஓட்டைகளுக்குச் சட்டம் கட்டத் தனியாக. டிஃப்ளெக்ஷன் சேனல் 14 மீட்டர்.

மல்லிகா_ஃபயர்ஸ்டாப்

ராஜேந்திரன் சார் சொன்னதோடு, ஓட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரேட்டிங் போவது இங்கேதான்.

பிவிசி 110: தீயில் பைப் உருகி ஓட்டை அப்படியே நிற்கும். சுவரின் இரண்டு பக்கமும் ஃபயர் காலர் (சூட்டில் உப்பிப் பைப்பை நெரித்து அடைக்கும் வளையம்), ஸ்டட்டிலோ போர்டைத் தாண்டிப் பிடிக்கும் ஃபிக்சிங்கிலோ இறுக்க வேண்டும். ஸ்லாப்பில் என்றால் அடியில் ஒன்று போதும், சுவரில் தீ எந்தப் பக்கமிருந்தும் வரலாம். 25 கான்ட்யூட்டுக்கு இருபுறமும் சூட்டில் உப்பும் வகை சீலன்ட். கான்ட்யூட்டின் வாயையும் அடையுங்கள், உள்ளே புகை வழி இருக்கிறது.

நைட்ரைல் சுற்றிய பைப்தான் பலர் கவனிக்காதது. உள்ளே உலோகப் பைப் நிற்கும், ரப்பர் எரிந்து போய்ச் சுற்றிலும் வளைய ஓட்டை விழும். காப்பின் மேல் உப்பும் ராப் சுற்றி, அதன் வெளியே சீலன்ட்.

கேபிள் ட்ரே: ஓட்டையை ஸ்டட்டால் சட்டமிட்டு, உள் விளிம்பு முழுக்க போர்டால் மூடுங்கள். பிறகு பூச்சு போட்ட 50 மி.மீ. ராக்வூல் பலகை இரண்டு, அறைந்து பொருத்தி, வெட்டிய விளிம்புகளிலும் கேபிள் நடுவிலும் சீலன்ட். கேபிளும் ட்ரேயும் சேர்ந்து ஓட்டையின் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. யூபிஎஸ் அறையில் பின்னால் கேபிள் கூடும், இடம் விடுங்கள்.

தயவுசெய்து பியூ ஃபோம் அடிக்க விடாதீர்கள். டின்னில் "ஃபயர்" என்று இருந்தாலும் அது குறுகிய நேர்கோட்டு இடுக்குக்குச் சோதித்தது, ட்ரே ஓட்டைக்கு இல்லை.

டக்டுக்கு ஃபயர் டேம்பர் சுவரின் தளத்திலேயே உட்கார வேண்டும். அரை மீட்டர் தள்ளி வைத்தால் நடுவில் உள்ள தகடு டக்ட் காத்துக்கொடுக்காது. டக்ட் சரிந்தாலும் டேம்பர் சுவரில் நிற்கும்படி இணைப்பு கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும். ஃபியூசிபிள் லிங்கை (சூட்டில் உருகி டேம்பரை மூடவிடும் இணைப்பு) பார்க்க டக்டில் ஆக்ஸஸ் டோர், அதற்கு நேர் கீழே சீலிங்கில் ஒரு டைல்.

கவின்_சைட்

மிக்க நன்றி சார், மேடம். இரண்டு சந்தேகம். 15 மி.மீ. போர்டு வர 9 நாள் ஆகும் என்கிறார்கள், 12.5 பிங்க் கையில் இருக்கிறது. மேல் 900க்கு மட்டும் 12.5 இரண்டு அடுக்கு போடலாமா? சுவரில் காரிடார் ஸ்விட்ச் பாக்ஸும் அறை ஸ்விட்ச் பாக்ஸும் முதுகோடு முதுகாக இருக்கின்றன, அதைத் தொட வேண்டுமா?

ராஜேந்திரன்_ட்ரைவால்

12.5 வேண்டாம். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். 15 மி.மீ. ஃபயர் போர்டு ஒரு சதுர மீட்டரில் இந்தத் தண்ணீர் சுமார் இரண்டரை கிலோ. அது ஆவியாகித் தீரும்வரை போர்டின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீர்ந்த பிறகு போர்டில் கலந்த கண்ணாடி இழைதான் வெடிக்காமல் பிடித்துவைக்கிறது. 30 மி.மீ.க்குப் பதில் 25 என்றால் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் குறைவு. சோதனை உலை 120ஆவது நிமிடத்தில் 1049 டிகிரியில் இருக்கும். மறுபக்கச் சூடு தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் கூடினாலே தோல்வி. சூடு சேர்வது சீலிங்குக்கு மேலேதான், அங்கே போய் மெலிதாக்கலாமா? உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு 15 என்று இருந்தால் இரண்டு 15தான்.

காத்திருக்கும் 9 நாளில் போர்டு கழற்றுவது, ஸ்டட் ஏற்றுவது, சேனல், ஓட்டைச் சட்டம், டேம்பர் எல்லாம் முடித்துவிடலாம். போர்டு ஏற்ற மூன்று நாள் போதும். பக்கத்து ஊர் டீலரிடமும் கேளுங்கள், 30 போர்டுதானே.

மல்லிகா_ஃபயர்ஸ்டாப்

பாக்ஸைக் கண்டிப்பாகத் தொட வேண்டும் தம்பி. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் நான்கு அடுக்கையும் வெட்டியிருக்கிறது, நடுவில் வெறும் ராக்வூல்தான். ஒன்றைப் பக்கவாட்டில் 600 மி.மீ.க்கும் அதிகமாகத் தள்ளி, நடுவில் ஒரு ஸ்டட் வரும்படி மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு பாக்ஸின் முதுகிலும் ஃபயர் புட்டி பேட் (தீ தாங்கும் களிம்புப் பட்டை) ஒட்டுங்கள், அதுவும் அந்தச் சுவர் வகைக்குச் சோதித்ததாக. பழைய வெட்டை இரண்டு அடுக்கிலும் போர்டு துண்டு வைத்து, பின்னால் ஸ்ட்ராப் கொடுத்து மூடுங்கள். வெறும் புட்டி பூசி மறைக்க வேண்டாம்.

சீலிங் டைல் ஏறும் முன் ஒவ்வொரு ஓட்டையையும் இரண்டு பக்கமும், டேப் வைத்து அளவு தெரிய, படம் எடுத்துப் பொருளின் ரிப்போர்ட் எண்ணோடு கன்சல்டன்டிடம் கொடுங்கள்.

கவின்_சைட்

கடைசியாக ஒன்று. ட்ரேயின் ஹேங்கர் ஒன்று சுவரிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. சட்டத்தின் மேலேயே ட்ரேயை உட்கார வைக்கச் சொல்கிறார்கள்.

ராஜேந்திரன்_ட்ரைவால்

வேண்டாம். சுவரின் இரு பக்கமும் ஸ்லாப்பிலிருந்து புதிதாக ஒவ்வொரு ராட் ஜோடி இறக்குங்கள், சுவர் முகத்துக்கு எவ்வளவு பக்கம் என்பது சீல் ரிப்போர்ட்டில் இருக்கும். ட்ரே சட்டத்தைத் தொடாமல் ஓட்டையின் நடுவில் தொங்க வேண்டும்.